செலீனிய மீநுண்ணிழைகள்: ஆக்கமும் வளர்ச்சியும்

அறிவியற் கட்டுரைத் தொகுதி ஒன்றனைத் தமிழில் பெயர்க்கும் முயற்சிக்கெனத் தொகுக்கப்பெற்ற கலைச்சொற் பட்டியலொன்று, சொல்லமைதி நோக்கித் திருத்தித் தருமாறு அண்மையில் எம்மிடம் வந்தது. அதன்கண், செலீனியம் என்னும் தனிமத்தின் மீநுண் வடிவங்களைப் பற்றிய பகுதியில் இருபதுக்கு மேற்பட்ட சொற்கள் இருந்தன. 'வித்து', 'வளர்ச்சி', 'முதிர்வு' என்பன அவற்றுள் மூன்று. இலக்கணம் நோக்க இம்மூன்றிலும் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆயினும், இவை குறிக்கும் நிகழ்ச்சி யாதென அறியாது, 'பொருந்தும்' எனக் குறியிட்டுத் திருப்பி விடுக்க எம் மனம் ஒருப்படவில்லை. வேதியியல் கற்ற நண்பர் ஒருவர் துணைகொண்டு மூலக் கட்டுரைகளைப் பயின்றோம். பயின்றபின், மூன்றனுள் ஒரு சொல் பொருளைச் சிறிது திரித்துக் காட்டுகின்றது என்பதும், அத்திரிபு தமிழாக்கியோரால் நேர்ந்ததன்று, மூல மொழியிலேயே உள்ளது என்பதும் புலனாயின. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். சொல்லை ஆராயுமுன் பொருளை ஆராய்தல் முறையாதலின், பொருளினின்றே தொடங்குவோம்.

செலீனியம் கந்தகத்தின் இனத்தைச் சேர்ந்தது. அணு எண் 34. சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் பெர்சீலியசு என்பாரும் அவர்தம் நண்பர் கான் என்பாரும் 1817ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தனர். கிரிப்சோம் என்னுமிடத்தில் அமைந்த கந்தக அமில ஆலையில், பாலுன் சுரங்கக் கனிமத்தை எரித்தபொழுது, அறையினடியில் செந்நிறச் சேறு ஒன்று படிந்தது. அதனை எரிக்க முள்ளங்கி இனக் கிழங்கொன்றன் நாற்றம் எழுந்தமையால், முதற்கண் அதனைத் தெலூரியம் என்றே கருதினர். பின்னர் அது வேறொரு தனிமம் எனத் தெளிந்தனர். தெலூரியம் நிலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாற் பெயர் பெற்றது. ஆதலின், அதனோடு ஒத்த இதற்குத் திங்களைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாற் பெயரிட்டனர். நிலத்திற்குத் துணை திங்கள் என்னும் இயைபு பற்றி வந்த இப்பெயர், பெயரிடுவோர் பொருள் உணர்ந்து பெயரிட்டதற்கு ஒரு நல்ல சான்று. அவர்கள் கண்ட செந்நிறச் சேறே இக்கட்டுரையின் பிற்பகுதியில் நமக்கு மீண்டும் வேண்டப்படும்.

ஒரே தனிமம் பல வடிவங்களில் நிற்றலை வேதியியலார் புறவேற்றுமை என்பர். கரி ஓரிடத்து வைரமாயும் ஓரிடத்து எழுதுகோற் கரியாயும் நிற்பது யாவரும் அறிந்தது. செலீனியத்திற்கும் இத்தகைய வடிவங்கள் உள. அவற்றுள் இரண்டு நமக்கு இன்றியமையாதன. ஒன்று, அணுக்கள் ஒழுங்கின்றிச் செறிந்த படிகவடிவமற்ற செலீனியம். பொடியாக இருக்குங்கால் இது செங்கல் நிறத்தது. மற்றொன்று, சாம்பல் நிறமுடைய படிகச் செலீனியம். இதனையே முக்கோணப் படிகம் என்பர். இவ்விரண்டனுள் நிலைபேறு உடையது பின்னதே. முன்னது எஞ்ஞான்றும் பின்னதாக மாறும் இயல்பினது. சூடேற்றின் அம்மாற்றம் விரைவில் நிகழும்.

படிகச் செலீனியத்தின் உள்ளமைப்பு மிக அழகியது. அதில் அணுக்கள் வரிசையாகப் பிணைந்து திருகிச் செல்லும் சரங்களாக உள்ளன. ஒரு புரிக்கு மூன்று அணுக்கள்; நான்காம் அணு முதலணுவிற்கு நேர்மேலே வந்து நிற்கும். ஒரு புரியின் நீளம் ஏறத்தாழ 0.495 நானோமீட்டர். ஒரு சரத்திற்குள் அணுவும் அணுவும் வலிய சகப்பிணைப்பால் கட்டுண்டுள்ளன. ஆனால் சரமும் சரமும் பக்கத்தே பக்கமாக நிற்பதற்குக் காரணமாயிருப்பவை வாண்டர் வால்ஸ் விசை எனப்படும் மெல்லிய ஈர்ப்புக்களே. கயிற்றுக் கட்டொன்றில் ஒவ்வொரு கயிறும் வலிது, கட்டு மட்டும் தளர்ந்தது என்றாற்போலக் கொள்க. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் பின்வருவனவெல்லாம் எளிதில் விளங்கும்.

இச்சரங்கள் இருவகையாகத் திருகலாம். இதற்கு 'வலம்புரி', 'இடம்புரி' என்னும் நம் சொற்களைப் பட்டியலார் எடுத்தாண்டிருந்தனர். கண்டு மகிழ்ந்தோம். எனினும் ஈண்டு ஒரு தடை உண்டு. நாம் வலம்புரி எனப் போற்றும் சங்கினை விலங்கியலார் இடப்பக்கச் சுழற்சியுடையது என்றே வகுப்பர். சங்கினைப் பிடித்து நோக்கும் திசை வேறாதலே இதற்குக் காரணம். ஆகவே இச்சொற்களை ஆளுமிடத்து, எத்திசையினின்று நோக்குகின்றோம் என்பதை வரையறுத்தல் வேண்டும். இல்லையேல் மாணவர் சங்கினைக் கையிற் கொண்டு சரத்தைத் தலைகீழாக உணர்வர்.

இனி 'நானோ' என்பது பற்றிச் சில சொற்கள். இது குள்ளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது. அளவைச் சொல்லாக வருங்கால் நூறு கோடியில் ஒரு பங்கினைக் குறிக்கும். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறிட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். மக்களின் தலைமயிர் ஒன்றன் தடிப்பு ஏறத்தாழ 50,000 முதல் 1,00,000 நானோமீட்டர் வரை இருக்கும். குறுமையும் குள்ளனும் ஒருசேரத் தோன்றக் 'குறள்' என்னும் சொல் நம்மிடம் உண்டு; பொருள் அளவில் இதனினும் பொருந்திய சொல் இல்லை. ஆயினும் 'குறள் இழை' என்று எழுதின், படிப்பவர் நெஞ்சு ஈரடி வெண்பாவிற்கே செல்லும். ஆதலின் அளவைக்கு 'நானோமீட்டர்' என்பதனையும், வடிவங்களுக்கு 'மீநுண்' என்னும் அடையையும் கொள்ளுதல் நன்று என்பது எம் கருத்து.

செலீனியத்தை மீநுண்ணிழையாக ஆக்கும் முறைகள் பல. அவற்றுள் ஒன்றனை மட்டும் விரிவாக நோக்குவோம். அதனை உணரின் ஏனையவற்றின் போக்கும் தெளிவாகும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் பைரன் கேட்சு, யாதோங் யின், யோவுனான் சியா என்னும் மூவர் அமெரிக்க வேதியியற் கழக இதழில் இம்முறையை வெளியிட்டனர். 10 முதல் 30 நானோமீட்டர் வரை தடிப்புள்ள, ஒரே சீரான படிகச் செலீனிய இழைகளைத் தண்ணீர்க் கரைசலிலேயே அவர்கள் வளர்த்தனர்.

செய்முறை வருமாறு. செலீனியஸ் அமிலத்தின் நீர்க்கரைசலோடு மிகையளவு ஹைட்ரசீன் சேர்த்துக் கொதிநிலையையொட்டிச் சூடேற்றுவர்; எழும் ஆவி குளிர்ந்து மீண்டும் கலத்திற்கே திரும்புமாறு கருவி அமைந்திருக்கும். ஹைட்ரசீன் ஓர் ஒடுக்கி. அது செலீனியஸ் அமிலத்தினின்று ஆக்சிஜனை நீக்கித் தனிச் செலீனியத்தை விடுவிக்கும். ஒரு மூலக்கூறு அமிலமும் ஒரு மூலக்கூறு ஹைட்ரசீனும் கூடின் ஓர் அணு செலீனியமும், ஒரு மூலக்கூறு நைட்ரஜன் வளியும், மூன்று மூலக்கூறு தண்ணீரும் கிட்டும். வேண்டாத கழிவு என ஒன்றும் கரைசலில் எஞ்சாமை இவ்வினையின் சிறப்பாகும். நிறமற்றிருந்த கரைசல் செங்கல் நிறமடையும். பெர்சீலியசு கண்ட செந்நிறமும் இஃதேயாம். படிகவடிவமற்ற செலீனியம் மிகச் சிறிய உருண்டைகளாகத் தோன்றி நீரில் மிதக்கின்றது என்பதனை அந்நிறம் காட்டுகின்றது. இத்தகைய கலவையைக் கூழ்மம் என்பர்.

விரைந்து விடுபட்ட அணுக்கள் ஒழுங்குபட நிற்கக் காலம் பெறாமையின் உருண்டைகளாகத் திரண்டன எனலாம். நிலைபேறுடைய வடிவம் இருக்க, நிலைபேறில்லாத வடிவம் முற்படத் தோன்றுவது விந்தையாகத் தோன்றலாம். ஆயின் இது பெருவழக்கே. வில்கெல்ம் ஆசுவால்டு என்னும் செருமானிய அறிஞர் 1897ஆம் ஆண்டிலேயே இதனை ஒரு விதியாக வகுத்தார்: ஒரு பொருள் தன் நிலைபேற்றை ஒருங்கே எய்தாது, படிப்படியாகவே எய்தும் என்பது அதன் சாரம். 1909ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற இவர் பெயர் இக்கட்டுரையில் மீண்டும் வரும். அங்குத்தான் சிக்கலும் வரும்.

இனிச் சூடு தணிக்கப்படுகின்றது. சூடான நீரில் செலீனியம் சிறிதளவு கரைந்திருக்கும். குளிருங்கால் அவ்வளவையும் தாங்க நீரால் இயலாது. கரைசல் மீதெவிட்டிய நிலையை அடையும். முந்திய நூல்களில் 'பூரிதக் கரைசல்' என வழங்கியதனை இன்று 'தெவிட்டிய கரைசல்' என்கின்றோம். கொள்ளுமளவு கொண்டு, இனி வேண்டா என்னும் நிலையைக் காட்டத் தெவிட்டுதலினும் சிறந்த வினை கிட்டுதல் அரிது. மீதெவிட்டிய நீர் தன்பாலுள்ள மிகையை விடுக்கும். இம்முறை அது மெல்ல நிகழ்வதால் அணுக்கள் ஒழுங்குற நின்று படிகத் துகள்களாகின்றன. இவையே வித்துக்கள். பின்னர்க் கூழ்மத்தை அறை வெப்பநிலையில், இருளில் வைத்துவிடுவர். அதன்பின் ஆய்வாளர் செய்வது ஒன்றுமில்லை. செவ்வுருண்டைகள் சிறிது சிறிதாகத் தேய்ந்து மறைய, படிக இழைகள் நீண்டு வளர்கின்றன.

கற்கண்டு ஆக்குமிடத்துப் பாகிலே நூலைத் தொங்கவிட்டு அசையாது வைத்துவிடுதலையும், நாளடைவில் நூலைப் பற்றிக் கட்டிகள் விளைதலையும் கண்டோர்க்கு இந்நிகழ்ச்சி புதிதன்று. ஆனால் இரண்டு வேறுபாடுகள் உள. கற்கண்டிற்கு நூல் என்னும் அயற்பொருள் பற்றுக்கோடாகின்றது. ஈண்டோ செலீனியத்தின் படிகமே செலீனியத்திற்கு வித்து. மற்று, கற்கண்டு பல பக்கமும் பருக்கும். செலீனியம் ஒரு திசையில் மட்டும் நீளும். ஏன் என்பது முற்கூறிய சர அமைப்பால் விளங்கும். வந்து சேரும் அணு, சரத்தின் நுனியில் ஒட்டின் வலிய பிணைப்புப் பெறும். பக்கத்தே ஒட்டின் மெல்லிய ஈர்ப்பே பெறும். ஆதலின் நுனியில் ஒட்டியது நிலைக்கும். பக்கத்தே ஒட்டியது பெரும்பாலும் மீண்டும் கரையும். இழையின் நீட்சித் திசையும் சரங்களின் திசையும் ஒன்றேயாதலை எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியுள்ளது. வெளியினின்று அச்சோ வார்ப்போ இட்டு இதனை நீட்டவில்லை. நீளும் இயல்பு அணுவமைப்பிலேயே உள்ளது.

எவ்வளவு நீளும் என்பதனை ஒரு கணக்கால் உணரலாம். 300 நானோமீட்டர் விட்டமுள்ள செவ்வுருண்டை ஒன்று முழுதும் கரைந்து, 20 நானோமீட்டர் தடிப்புள்ள ஒரே இழையாகின்றது எனக் கொள்வோம். உருண்டையின் பருமன் ஏறத்தாழ 1 கோடியே 41 இலட்சம் கன நானோமீட்டர். இழையின் குறுக்குப் பரப்பு 314 சதுர நானோமீட்டர். வகுக்க, 45,000 நானோமீட்டர் கிட்டும். படிகத்தின் அடர்த்தி 4.8, படிகவடிவமற்றதன் அடர்த்தி 4.3 ஆதலின், சிறிது குறைத்து 40,000 நானோமீட்டர் எனலாம். அஃதாவது, ஒளி நுண்ணோக்கியாலும் நன்கு காண்டற்கரிய ஓர் உருண்டை, தன் தடிப்பைப்போல் 2,000 மடங்கு நீளமுள்ள இழையாகின்றது.

இனிச் சிக்கலுக்கு வருவோம். உருண்டைகள் கரைந்து இழைகள் வளர்தலை ஆங்கிலக் கட்டுரைகள் பலவும் 'ஆசுவால்டு முதிர்வு' என்றே குறிக்கின்றன. பட்டியலாரும் அதனையே பெயர்த்திருந்தனர். ஆசுவால்டு முதிர்வு என்பது யாது? ஒரே பொருளின் சிறு துகளும் பெருந்துகளும் ஒரு கரைசலில் உடனிருப்பின், சிறு துகள் கரைந்து தேய, பெருந்துகள் மேலும் பருப்பதாகும். சிறியதன் புறப்பரப்பு அதன் பருமனை நோக்க மிகுதி. புறப்பரப்பிலுள்ள அணுக்களோ முழுப்பிணைப்புப் பெறாதவை. ஆகவே சிறியது எளிதிற் கரையும். சிறியது அழியப் பெரியது வளர்தல் என்று இதனைச் சுருக்கலாம்.

இவ்வரையறையைச் செலீனியத்தின்மேல் வைத்துப் பார்ப்போம். கரைந்தழிவன எவை? நூற்றுக்கணக்கான நானோமீட்டர் விட்டமுடைய உருண்டைகள். வளர்வன எவை? அவற்றினும் மிகச் சிறிய வித்துக்கள். ஈண்டுப் பெரியது அழியச் சிறியது வளர்கின்றது! அளவு ஒன்றே காரணமாயின் வித்துக்களே முதலிற் கரைந்து ஒழிந்திருத்தல் வேண்டும். இழை என்னும் ஒன்று தோன்றியே இராது. உண்மைக் காரணம் அளவன்று, வடிவ வேற்றுமையே. படிகவடிவமற்ற செலீனியம் மிகை ஆற்றலுடையது, ஆதலின் மிகுதியாகக் கரைவது. படிகம் குறை ஆற்றலுடையது, ஆதலின் அருகிக் கரைவது. உருண்டைக்குத் தெவிட்டாத நீர் படிகத்திற்கு மீதெவிட்டியதாகின்றது. எனவே அணுக்கள் உருண்டையினின்று நீருக்கும், நீரினின்று இழைக்கும் ஓயாது செல்கின்றன. அளவின் பயன் உண்டெனினும், அது இவ்வேற்றுமையின் வலிக்கு முன் நிற்காது. மூல ஆசிரியரும் திண்மம் கரைசலாகி மீண்டும் திண்மமாதல் என்னும் கருத்தினைத் தெளிவாகவே கூறியுள்ளனர். முதிர்வு என்னும் சொல் மட்டும் தளர்ந்த பொருளில் வழக்கூன்றிவிட்டது.

ஆங்கிலம் பயில்வோர்க்கு இதனாற் பெருங்கேடில்லை. அவர்க்கு அச்சொல் தேய்ந்த குறியீடாகிவிட்டது. தமிழில் அங்ஙனமன்று. 'முதிர்தல்' நம்மிடத்து உயிருள்ள வினை. காய் முதிரும், நெல் முதிரும். முதிர்வது தானே முதிரும், பிறிதொன்றை உண்டு முதிர்வதில்லை. தமிழ்வழி பயிலும் மாணவர் 'செலீனியம் முதிர்ந்தது' எனப் படிப்பின், செவ்வுருண்டையே நாட்பட்டு இழையாக நீண்டது என்றுதான் உணர்வர். அஃது இந்நிகழ்ச்சிக்கு நேர்மாறு. உருண்டை நீளவில்லை, உருண்டை இல்லையாயிற்று. தேர்வுத்தாளில் அம்மாணவர் அவ்வாறு எழுதின், பிழை அவரதன்று. சொல் தந்த நம்முடையது.

'வித்து' என்னும் சொல்லின்மேல் இத்தடை இல்லை. வித்து தன் இனத்தையே தோற்றுவிக்கும். நிலத்தினின்று உணவு கொள்ளும். ஈண்டும் அவ்விரண்டும் பொருந்தும். வித்துத் தோன்றுதலைக் 'கருவாதல்' எனப் பட்டியலார் வேறுபிரித்திருந்ததும் நன்று. கருவாதல் ஒரு நிகழ்ச்சி, வித்து அதனால் எய்திய பொருள்.

பிற முறைகளைச் சுருங்கக் கூறுவோம். அதே ஆய்வுக் குழுவினர் 2002ஆம் ஆண்டில், செவ்வுருண்டைகளை ஆல்ககாலில் கலந்து செவிக்கெட்டா ஒலியலைகளைச் செலுத்தியும் இழைகளைப் பெற்றனர். ஒலியலை வித்தெழத் தூண்டுகின்றது. செலீனியத்தை ஆவியாக்கிப் படியச் செய்யும் முறைகளும் உள. வேறு சிலர் வளர்ச்சியை வேண்டார், தடுத்தலையே வேண்டுவர். செலீனியம் உயிர்க்கு மிகச் சிற்றளவில் இன்றியமையாதது என்பதைச் சுவார்சு, போல்சு இருவரும் 1957ஆம் ஆண்டில் எலிகளிடத்து நிறுவினர். அளவு சிறிது மிகினோ நஞ்சாகும். கலிபோர்னியாவின் கெசுடர்சன் நீர்த்தேக்கத்தில் 1983ஆம் ஆண்டில் நீர்ப்பறவைக் குஞ்சுகள் உறுப்புத் திரிந்து பிறந்தமைக்குச் செலீனியமே காரணம் எனக் கண்டனர். உணவிலும் மருந்திலும் பயன்கொள்ளக் கருதுவோர், புரதத்தால் உருண்டைகளைப் போர்த்து, அவை கரைந்து இழையாகாமல் நிறுத்துகின்றனர்.

வேதியியலார் செய்யும் இதனை நுண்ணுயிர்களும் செய்தல் கருதத்தக்கது. கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் வாழும் ஒருவகைப் பாக்டீரியா, ஆக்சிஜன் இல்லாவிடத்துச் செலீனிய உப்புக்களைக் கொண்டே மூச்சு விடுகின்றது. அவ்வினையின் கழிவாகச் செந்நிறச் செலீனிய உருண்டைகள் அதன்மேல் திரள்கின்றன. இத்தகைய பாக்டீரியாக்கள் ஆக்கும் உருண்டைகள் ஏறத்தாழ 300 நானோமீட்டர் அளவினவாய் ஒரே சீராக இருத்தலை ஓரம்லாண்டு என்பாரும் அவர்தம் குழுவினரும் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஹைட்ரசீன் நச்சுப்பொருளாதலின், இவ்வுயிர்வழி ஆக்கத்தில் பலர் நாட்டம் செலுத்துகின்றனர்.

இவ்விழைகளால் பயன் என்னையெனின், செலீனியம் ஒளி பட்டால் மின்கடத்தும் வன்மை மிகும் பொருள். கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதித்து வந்த வில்லோபி சுமித் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1873ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். 1959ஆம் ஆண்டில் வெளிவந்த சிராக்சு 914 என்னும் படியெடுக்கும் பொறியின் உருளைமேல் பூசப்பட்டதும் செலீனியமே. பிற்காலத்தே அவ்விடத்தைக் கரிமப் பொருள்கள் கொண்டன. எனினும் மார்பகப் புற்றினைக் காணும் எக்ஸ் கதிர்க் கருவிகளில் படிகவடிவமற்ற செலீனியம் இன்றும் பயன்படுகின்றது. இழைவடிவச் செலீனியத்தை மற்றொன்றிற்கு அச்சாகவும் கொள்ளலாம். வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் இட்டால், வெள்ளி அணுக்கள் உட்புகுந்து, இழை தன் உருவம் கெடாமலே வெள்ளிச் செலீனைடு இழையாகின்றது. இது 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. இருளில் வைக்கப்பட்ட ஒரு கலத்தில் தாமே விளைந்த இழைகள் இத்துணை மாற்றத்திற்கும் இடந்தருகின்றன.

பட்டியலைத் திருப்பி விடுக்குங்கால், 'வித்து', 'வளர்ச்சி' இரண்டனையும் இருந்தவாறே விடுத்தோம். 'முதிர்வு' என்பதனைச் சிறியது அழியப் பெரியது வளரும் இடத்திற்கு மட்டும் ஒதுக்கி, செலீனிய இழைக்குக் 'கரைந்து வளர்தல்' எனக் குறித்தோம். கரைவது ஒன்று, வளர்வது ஒன்று என்பது தோன்ற 'உருண்டை கரைய இழை வளர்தல்' என விரித்து எழுதுக என ஓரத்திற் குறிப்பும் இட்டோம். 'கம்பி' என்றிருந்ததனை 'இழை' என மாற்றியதில் நண்பர்க்கு உடன்பாடில்லை. மின் கடத்துவது கம்பியே என்பது அவர் கட்சி. கம்பி என்பது உலோகத்தைத் துளைவழி இழுத்து நீட்டுவது. இஃதோ இழுப்பாரின்றித் தானே நீண்டது என்பது எம் கட்சி. இரண்டனையும் எழுதிப் பட்டியலாரிடமே விட்டுள்ளோம்.